கல்லாற்றங்கரையில் ஒரு மிக்ஸி

திருவனந்தபுரம் வலியசாலையில் எங்கள் தெரு வீடுகளுக்கு நடுச்சுவர் பொது. இந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மிக்ஸியை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் ஓட்டுவது எப்படி என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் என்னிடம் வரலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டு வருஷம் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கொல்லைக் கதவைச் சாத்தி, ஜன்னல்களைச் சாத்தி, மிக்ஸிக்கு அடியில் பழைய ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, ரேடியோவையும் உரக்க வைத்துவிடுவேன். அப்படியும் அடுத்த வீட்டு மாமி ஒருநாள், "என்னடி, உங்காத்துல மூணு வேளையும் சட்னியாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். ஆமாம் மாமி, அவருக்குச் சட்னி இல்லாமல் இறங்காது என்று சொன்னேன்.

பாதி உண்மை. மூன்று வேளையும் அதில் அரைபட்டது என் கணவரின் சாப்பாடு.

அவருக்குத் தொண்டையில் வந்த வியாதியை டாக்டர்கள் கரண்ட் வைத்து, அதாவது ரேடியேஷன் கொடுத்து, தீர்த்தார்கள். வியாதி போய்விட்டது, போகும்போது குரலில் பாதியையும் எடுத்துக்கொண்டு போனது. உணவுக்குழாய் சுருங்கிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் மையாக அரைத்து, தளர்த்தி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்க வேண்டும், ஆனால் எடை குறையக் கூடாது, பாலும் கஞ்சியும் மட்டும் போதாது என்று சொல்லி அனுப்பினார்கள். மிக்ஸி ரிப்பேரான ஒருநாள் நான் சாதத்தையும் கீரையையும் கையால் பிசைந்து, மத்தால் கடைந்து கொடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீரை நரம்பு அதில் இருந்துவிட்டது. அன்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறியதைப் பார்த்த பிறகு கையால் பிசைகிற பேச்சே எடுப்பதில்லை. மிக்ஸி இருக்கும் இடத்தில்தான் அவர் இருக்க முடியும் என்று ஆகிவிட்டது.

மனிதர் இயல்பிலேயே அடங்கிக் கிடக்கிறவராக இருந்தால் எனக்கு இத்தனை கஷ்டம் இருந்திருக்காது. அவர் நாலு பேர் இருந்தால்தான் மூச்சு விடுவார். சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. ஃபைல் நகர்ந்ததோ இல்லையோ, அவருடைய செக்ஷனில் சிரிப்புச் சத்தம் மட்டும் ஓய்ந்ததில்லை. மலையாளிகள் பட்டர் என்று சொல்கிற தமிழ்ப் பிராமணக் குடும்பத்துக்காரர் என்பதால் கூட இருந்த மலையாளி நண்பர்களுக்கு அவர் 'சாமி'. இத்தனைக்கும் அவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. நான் கோயிலுக்குப் போனால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பார், அவ்வளவுதான்.

வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் இந்த நண்பர்கள் குடும்பத்தோடு பொன்முடி போகும் வழியில் கல்லாற்றங்கரையில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவார்கள். கூடாரம் என்றால் தார்ப்பாயும் மூங்கில் கழியும்தான். அதை ஆரம்பித்து வைத்ததே என் கணவர். அடுப்புக்குக் கல் பொறுக்குவதிலிருந்து குளிர்காய்கிறபோது பேய்க்கதை சொல்வது வரை எல்லாம் அவர் இலாகா. வியாதிக்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் போகவில்லை. ஆபீஸிலும் பழைய ஃபைல் அடுக்கிய அறைக்குள் போய் ஃப்ளாஸ்கைத் திறந்து தனியாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். தெருவில் கல்யாணம் என்றால் மொய்க்கவரைக் கொடுத்துவிட்டு இலை போடுவதற்குள் வீடு திரும்பிவிடுவார். அரைத்த சாப்பாட்டை நாலு பேர் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வருஷம் லீவுக்குச் சில மாதம் முன்னால் அவருடைய நெருங்கிய நண்பர் வீட்டுக்கு வந்தார். ஒரே செக்ஷன்காரர், சொந்தமாகப் பழைய கார் ஒன்று வைத்திருந்தவர். "டீச்சரே, சாமி இல்லாத கல்லாற்றுல ஒரு சுகமும் இல்லை, கேட்டோ. இந்தத் தடவை எப்படியாவது வரணும்" என்றார்.

"அங்க கரண்ட் இல்லை. ஃப்ளாஸ்க் சாப்பாடு மூணு நாள் தாங்காது. நான் என்ன, கூழாங்கல்லை முழுங்கவா?" என்றார் என் கணவர், காற்று கலந்த அந்தக் குரலில். நண்பர் சிரித்தார். இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "கரண்டுதானே இல்லை? நான் பண்ணித் தரேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாய்வீச்சு இல்லை. நான் பெண்கள் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பேட்டரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிக்கு இன்வெர்ட்டர் என்று பெயர். இன்று சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். அன்று திருவனந்தபுரத்தில் கடைக்குப் போய் ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவிட முடியாது. பாடப்புத்தகத்தில் படம் இருந்தது. ஒரு டியூப்லைட் எரிகிற அளவுக்குச் செய்து மாணவிகளுக்குக் காட்டியும் இருக்கிறேன். ஆனால் டியூப்லைட் சாது. மிக்ஸி அப்படி இல்லை. சுற்ற ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில் அது கேட்கிற கரண்டுக்கு அளவே கிடையாது, அதைக் கொடுக்கத் திராணி இல்லாத பெட்டி அங்கேயே புகைந்துவிடும்.

புகைந்தது. சாலைக் கடைத்தெருவில் செப்புக் கம்பி வாங்கி வந்து டிரான்ஸ்ஃபார்மரை நானே சுற்றினேன். பெரிய டிரான்சிஸ்டர்களை வரிசையாக அலுமினியத் தகட்டில் முடுக்கினேன். முதல் தடவை அவை ஒவ்வொன்றாகப் படபடவென்று போய்ச் சேர்ந்தன. வீடு முழுக்க வார்னிஷ் கருகிய நாற்றம். மறுபடி கடைத்தெரு, மறுபடி கம்பி. சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சால்டரிங் அயர்ன் கிடந்தது. இவர் ஹாலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆச்சா என்று கேட்கமாட்டார். ஏன் என்று கேட்கமாட்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் இங்க யாருக்காக மல்லுக்கட்டிண்டிருக்கேன்? வரேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கத்தினேன்.

"உனக்கு ஆசையா இருக்கு. வரேன். போருமா?" என்றார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் ஆசைக்காக வருகிறாராம். அப்படியானால் இதெல்லாம் எனக்கு நானே வைத்துக்கொண்ட விளையாட்டு என்று ஆகிறது. வேண்டாம் என்று அப்போதே பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டிருப்பேன். ஆனால் என் பிடிவாதம் என்னைவிடப் பெரியது.

கடைசியில் பெட்டி சொன்னபடி கேட்டது. கிள்ளிப்பாலத்தில் பேட்டரி சார்ஜ் செய்கிற கடையிலிருந்து ஒரு லாரி பேட்டரியை வாடகைக்கு எடுத்துவந்து, சாம்பார் சாதத்தை ஜார் நிறையப் போட்டு ஓட்டிப்பார்த்தேன். மெயின் கரண்டில் ஓடும்போது மிக்ஸி கத்தும், இதில் கொஞ்சம் உறுமியது. ஆனால் நின்றுபோகவில்லை. அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டது அந்தச் சாதத்தைத்தான். "தேவலையே" என்றார். மூன்று மாச உழைப்புக்கு எனக்குக் கிடைத்த சர்டிஃபிகேட் அந்த ஒரு வார்த்தை.

கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம், பெட்டியிலிருந்து வருகிற இரண்டு தடி ஒயர்களையும் பேட்டரியோடு முடுக்கி வைக்கும்படி அவரிடம் சொன்னேன். பேட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் இருக்கும். ஒயர் நுனியில் இருக்கும் கிளாம்பை அந்தக் குமிழில் மாட்டி ஸ்பானரால் இறுக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டில் போய் அந்த வேலையெல்லாம் வேண்டாம், ஸ்விட்சைத் தட்டினால் போதும் என்று இருக்கட்டும் என்பது என் எண்ணம். காலையில் பண்ணிடறேன் என்றார். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது முடுக்கி, பேட்டரியையும் பெட்டியையும் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்.

காரில் நண்பர் ஓட்ட, பக்கத்தில் இவர். பின்னால் நானும், நண்பரின் மனைவியும், அவர்கள் குழந்தைகளும், மிக்ஸியும். மிக்ஸியை நான் மடியில் வைத்திருந்தேன். நண்பரின் மனைவிக்குப் பக்தி அதிகம். வழியில் பிள்ளையார் கோயிலில் காரை நிறுத்தி, நல்லபடியாகப் போய்வர வேண்டும் என்று தேங்காய் உடைத்து, கார் நெற்றியிலும் எங்கள் நெற்றியிலும் சந்தனம் இட்டாள். என் மடியில் இருந்த மிக்ஸிக்கும் ஒரு பொட்டு. இவர் வழக்கம்போலக் காருக்குப் பக்கத்தில் நின்றார்.

நெடுமங்காடு, விதுரை தாண்டிக் கல்லாறு போய்ச் சேர்ந்தபோது மற்ற இரண்டு குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி இடம் பிடித்திருந்தன. யானை முதுகு மாதிரி உருண்ட பாறைகள். அவற்றுக்கு நடுவில் பனி மாதிரித் தண்ணீர். தார்ப்பாய் ஏறியது. ஆம்பிளைகள் அடுப்புக்குக் கல் வைத்தார்கள். காரிலிருந்து இறங்கிச் சும்மா நின்றுகொண்டிருந்த என் கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிட்டே போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அடுப்பு வாயை எந்தப் பக்கம் வைத்திருக்கிறாய் என்று நண்பரைத் தன் பாதிக் குரலில் திட்ட ஆரம்பித்தார். கல்லைப் பிடுங்கித் தானே மாற்றி வைத்தார். இரண்டு வருஷமாக அவர் யாரையும் திட்டவில்லை. எனக்கு அதைக் கேட்கக் கேட்கக் காது குளிர்ந்தது.

சாதம் ஆயிற்று, சாம்பார் ஆயிற்று, தேங்காய்த் துருவல் போட்ட முட்டைக்கோஸ் தோரன் ஆயிற்று. வாழையிலை கழுவி வைத்தார்கள். நான் சாக்கைப் பிரித்து, முதலில் ஒரு பல்பை மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் சற்றுத் தலை நிமிர்ந்தேன் என்றே சொல்ல வேண்டும். பிறகு ஜாரில் சாதமும் சாம்பாரும் தோரனும் போட்டு மிக்ஸியை மாட்டித் திருகினேன்.

"ம்ம்ம்" என்று ஒரு முனகல். அவ்வளவுதான். நின்றுவிட்டது.

பல்பை மாட்டினால் எரிகிறது. மிக்ஸியைத் திருகினால் முனகிச் சாகிறது. ஃப்யூஸைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒவ்வொரு டிரான்சிஸ்டராகப் பார்த்தேன், எதுவும் போகவில்லை. ஜாரில் பாதியை எடுத்துவிட்டுத் திருகினேன். முனகல். ஜாரே இல்லாமல் திருகினேன். அதற்கும் முனகல். பேட்டரி சார்ஜ் குறைந்துவிட்டதோ என்று அளந்தேன். குறையவில்லை. வீட்டில் உறுமின சனியன் இங்கே ஏன் முனகுகிறது? சுற்றி எல்லோரும் நின்று பார்த்தார்கள். குளிர்கிற காட்டில் எனக்கு வேர்த்து ஊற்றியது.

சமையல் ஆறிக்கொண்டிருந்தது. யாரும் இலை போடவில்லை. "நீங்க எல்லாரும் சாப்பிடுங்கோ. எனக்கு ஃப்ளாஸ்க்ல பால் இருக்கு" என்றார் என் கணவர். யாரும் நகரவில்லை. அவர் தனியாக ஒரு பாறையில் போய், ஆற்றைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

நண்பர் என்னிடம் குனிந்து, "விஷமிக்கண்டா டீச்சரே, வருத்தப்படாதீங்க. நான் காரெடுத்துச் சாமியை வீட்டுல கொண்டு விட்டுட்டு வராம். டைம் ஒண்ணும் ஆகாது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இன்று இந்த மனிதர் பசியோடு வீட்டுக்குத் திரும்பிப் போனால் அப்புறம் எந்த ஊருக்கும், எந்தக் கல்யாணத்துக்கும், எந்த நண்பர் வீட்டுக்கும் வரமாட்டார். மிச்ச ஆயுசும் அந்தச் சாத்திய ஜன்னலுக்குள்தான். அது எனக்குப் பகல் வெளிச்சம்போலத் தெரிந்தது.

"ஒரு பத்து நிமிஷம் கொடுங்கோ" என்றேன். எதைச் செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கடைசியாக ஒருதடவை என்று மிக்ஸியைத் திருகிப் பிடித்துக்கொண்டு, முனக முனக, பெட்டியையும் ஒயரையும் ஒவ்வொரு இடமாகக் கையால் தொட்டுக்கொண்டே வந்தேன். பேட்டரியின் கிளாம்பைத் தொட்டதும் கையை உதறினேன். அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

அந்தச் சூட்டில் எனக்கு விளங்கிவிட்டது. கரண்ட் அங்கே மாட்டிக்கொண்டு தவிக்கிறது. கிளாம்புக்கும் ஈயக் குமிழுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது. பல்புக்கு வேண்டிய சொட்டுக் கரண்ட் எப்படியோ ஒரு இடுக்கு வழியாக வந்துவிடுகிறது, மிக்ஸிக்கு வேண்டிய வெள்ளம் வரமுடியவில்லை. வீட்டில் நானே மாட்டினபோது சரியாக இருந்தது, அதனால் அந்த இடத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஸ்பானரை எடுத்துக் கழற்றினேன்.

உள்ளே மஞ்சளாகக் காய்ந்து பொருக்குத் தட்டிய சந்தனம். அதன் நடுவில் குங்குமம். இரண்டு குமிழிலும்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "எந்தப் புண்ணியவதி இங்க சந்தனம் வெச்சது?" என்று கத்தினேன். கண் நேராக நண்பரின் மனைவி மேல் போனது. அவள், "ஐயோ சேச்சி, நான் அதைத் தொட்டதேயில்லை. மிக்ஸிக்கு மட்டுந்தான் வெச்சேன், சத்தியமா" என்றாள். நான் விடுவதாக இல்லை. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது பின்னாலிருந்து அந்தக் காற்றுக் குரல் கேட்டது.

"அவளைக் கோச்சுக்காதே. நாந்தான்."

பாறையிலிருந்து இறங்கி வந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களா?"

"புதுச் சாமானுக்கு வைக்கறதுதானே."

"சாமியே கிடையாதும்பேளே!"

அவர் என்னைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு நாளாத் தூக்கமே இல்லை. இது ஓடணுமே, ஓடணுமேன்னு இருந்துது. காலம்பற நீ குளிக்கப் போனப்ப உன் சந்தனக் கிண்ணத்துலேர்ந்து எடுத்து வெச்சேன். பெட்டி மேல வெச்சா நீ பார்த்துட்டுச் சிரிப்பே. அதான் உள்ளே வெச்சு முடுக்கிட்டேன்."

ஸ்பானரைக் கீழே வைத்தேன். மூன்று மாசமாகப் பேப்பரின் பின்னால் இருந்த முகத்தில் என்ன இருந்தது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டு, ஆகவில்லை என்று நான் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து கேட்காமல் இருந்திருக்கிறார். என் ஆசைக்காக வரவில்லை அவர். வர வேண்டும் என்று அவருக்கு என்னைவிடப் பத்து மடங்கு ஆசை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, எல்லோர் முன்னிலும் அழுதேன். வெட்கப்படவில்லை.

"கும்பிடறவா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கும்பிடப்படாதா?" என்றேன் மூக்கைச் சிந்திக்கொண்டு. "பெட்டி மேல குடம் குடமாச் சந்தனம் கொட்டுங்கோ, நான் சிரிக்கலை. கரண்ட் போற இடத்துல மட்டும் வேண்டாம்."

காய் நறுக்குகிற கத்தியால் குமிழைச் சுரண்டினேன். கிளாம்பின் உள்பக்கத்தை மண்ணால் தேய்த்துத் துடைத்து, மாட்டி, இறுக்கினேன். மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவரே ஸ்விட்சைத் திருகினார். மிக்ஸி உறுமியது. அந்தக் காட்டில் அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த குரங்குகள் கிளையை விட்டுக் குதித்து ஓடின. குழந்தைகள் கூச்சல் போட்டன. நண்பரின் மனைவி ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தார்ப்பாயின் கீழ் வரிசையாக இலை போட்டார்கள். நண்பர் நடுவில் ஒரு இலை போட்டு, அதன் மேல் அரைத்த சாதம் இருந்த கிண்ணத்தையும் ஸ்பூனையும் வைத்து, "சாமி, இங்க" என்றார். இவர் தயங்கி நின்றார். நான் அவர் கூச்சத்தை நினைத்துக்கொண்டு, யாரும் ஒன்றும் நினைத்துக்கமாட்டா, உட்காருங்கோ என்றேன்.

"அதில்லை" என்றார். "நான் உட்கார்ந்தா நீங்க யாரும் எழுந்துக்க முடியாதே. எனக்கு ஒரு மணி நேரம் ஆகும்."

பந்தியில் உட்கார்ந்தால் கடைசி ஆள் சாப்பிட்டு முடிகிற வரை மற்றவர்கள் எழுந்திருக்கக் கூடாது. எங்கள் தெருவிலும் அப்படித்தான், மலையாளிகளின் சத்யை விருந்திலும் அப்படித்தான். கல்யாணங்களிலிருந்து அவர் ஓடி வந்ததும், ஃபைல் அறைக்குள் போய் உட்கார்ந்ததும் இதற்காகத்தான். தன்னால் ஒரு பந்தியே கை காய்ந்து காத்துக்கிடக்கக் கூடாது என்று இரண்டு வருஷம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். கூட வாழ்ந்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

"இங்க ஆருக்கு பஸ் பிடிக்கணும்? இரி சாமி" என்று நண்பர் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

நான் அவருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். நாங்கள் எல்லோரும் சீக்கிரமே முடித்துவிட்டோம். அவர் ஒரு ஸ்பூன் எடுப்பார், விழுங்குவார், ஒரு வாய் தண்ணீர், கொஞ்சம் நிறுத்துவார், அடுத்த ஸ்பூன். எங்கள் விரல்களில் சாம்பார் காய்ந்து இறுகியது. நெளிந்த குழந்தைகளை நண்பரின் மனைவி ஒரு பார்வையில் உட்கார வைத்தாள். நண்பர் ஆபீஸ் கதை ஒன்றை எடுத்து, முடிக்காமல் இழுத்துக்கொண்டே போனார். இவர் நடுவில் ஸ்பூனைப் பிடித்தபடி, அது அப்படி இல்லை என்று திருத்தினார். யாரும் கையைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்க்கவில்லை. வெயில் பாறையை விட்டு இறங்கியது.

கிண்ணத்தை வழித்துக் கடைசி ஸ்பூனையும் விழுங்கிவிட்டு அவர் தண்ணீர் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு இலையையும், அதன் முன்னால் இருந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பந்தியில் வயதில் மூத்தவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அங்கே மூத்தவர் அவர்தான்.

"எல்லாரும் எழுந்துக்கலாமா?" என்றார்.

எல்லோரும் எழுந்தோம்.